பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் முகூர்த்தம்

புரோகிராம் எழுதும் தொழிலில் மெஷினுக்குப் புரிய வைப்பது சுலபம். பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் புரிய வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். அடுத்தவர் எழுதிவிட்டுப் போன புரோகிராமைத் திறந்து, மூடி, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்து, மறுபடி மூடியவர்களே, இது உங்களுக்காகத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் மூன்று பேர்: எம்.டி. சந்தானம் சார், முரளி, நான். கீழே எவர்சில்வர் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். அந்த டங் டங்கோடுதான் மேலே யோசிக்க வேண்டும். எழுதியது பெர்ல் என்கிற மொழியில். அதில் விவரங்களைப் பெட்டியில் போட்டு வைக்கலாம். பெட்டிக்குள் பெட்டி வைக்கலாம், அதற்குள்ளும் ஒன்று வைக்கலாம், கேட்பார் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் எழுதி ஒட்டலாம். ஒட்டச் சோம்பேறித்தனமாக இருந்தால் ஒன்றாவது, இரண்டாவது என்று வெறும் வரிசையாகவும் அடுக்கலாம். என் சண்டை முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான். எனக்கோ உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. வீட்டில் பொறுமையைப் பங்கு போட்டபோது நான் எங்கேயோ எழுந்து போயிருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து பெயரில்லாத பெட்டிகளுக்கு நடுவில் விட்டார்கள்.

தமிழில் கோதண்டராமன்

முரளி கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் எழுதியதைப் படிக்க அவனே வரவேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலுக்கு மார்க் ஷீட் புரோகிராம் அவன்தான் செய்தான். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வரிசை: முதலில் பெயர், அடுத்தது தமிழ் மார்க், அடுத்தது இங்கிலீஷ், அடுத்தது கணக்கு. எதன் மேலும் பெயர் கிடையாது. "ரெண்டாவது எப்பவும் தமிழ்தானே, இதுக்கு எதுக்கு லேபிள்?" என்பான்.

அப்புறம் டுடோரியல் மாஸ்டர் அப்பா பெயரும் வேண்டும் என்றார். முரளி பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரைச் செருகினான். செருகின கையோடு டீ குடிக்கக் கீழே போய்விட்டான். ரெண்டாவது இடத்தில் இப்போது அப்பா உட்கார்ந்திருக்கிறார், தமிழ் மூன்றாவதுக்குத் தள்ளப்பட்டுவிட்டது, இங்கிலீஷ் அதற்கும் அடுத்ததுக்கு. அச்சடிக்கிற புரோகிராமுக்கு இந்தக் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாது. அது ரெண்டாவதை எடுத்துத் தமிழுக்கு நேராக அடித்துத் தள்ளியது. மாஸ்டர் போன் செய்தார். எடுத்தது நான். என் தலையெழுத்து.

"ஏம்மா, எங்க பையன் ஒருத்தன் தமிழ்ல கோதண்டராமன் வாங்கியிருக்கான். அது பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லிடுங்க."

இடம் விட்டு இடம் விட்டு

அன்றைக்கே சட்டம் போட்டேன். இனிமேல் நம்பர் வரிசை கிடையாது, எல்லாப் பெட்டிக்கும் பெயர். அது மட்டுமல்ல, பெட்டிக்குள் பெட்டி எழுதும்போது உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி எழுத வேண்டும், அதற்குள் இருப்பதை இன்னும் தள்ளி. ஒரு வரிக்கு ஒரு விவரம். பார்த்த மாத்திரத்தில் எது எதற்குள் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியணும். முரளி இதையெல்லாம் ஒரே வரியில் எழுதுவான். அடைப்புக்குறிக்கு மேல் அடைப்புக்குறி, கடைசியில் எது எதை மூடுகிறது என்று விரல் வைத்து எண்ண வேண்டும். எனக்கு எண்ண ஆரம்பித்தாலே கால் தரையில் நிற்காது, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

என் முறையில் எழுதியதை அச்சடித்துக் கொண்டுபோய் சந்தானம் சார் மேஜையில் வைத்தேன். நல்ல மனிதர். பேப்பர் விஷயத்தில் மட்டும் ராட்சசர். தாளின் இரண்டு பக்கமும் அடித்து, மிச்சம் இருக்கிற ஓரத்தில் மளிகை சாமான் எழுதுவார். என் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இடது பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"ஏன் மைதிலி, இப்படி இடம் விட்டு இடம் விட்டு அடிச்சிருக்கியே, இது என்ன புதுக்கவிதையா?"

நடுராத்திரியில் கதவைச் சாத்தலாமா

அந்தச் சமயத்தில்தான் ராஜமாணிக்கம் வந்தார். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் அவர் தாத்தா நெல் போட்ட நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். அந்த வருஷத் தைதான் அவருக்கு முதல் சீசன். மண்டபம் கட்டின கையோடு கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டார். பக்கத்து மண்டபத்துக்காரர் வாங்கவில்லை என்பது ஒன்றுதான் காரணம். புக்கிங் எல்லாம் மெஷினில் ஏறணும், கேட்ட உடனே சொல்லணும் என்றார். சந்தானம் சார் என்னைக் கை காட்டினார்.

நான் தேதிக்கு ஒரு பெட்டி என்று ஆரம்பித்தேன். தேதிப் பெட்டிக்குள் 'காலை', 'மாலை' என்று இரண்டு பெட்டி, அதற்குள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சமையல்காரர், மேளம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம்ம ஊர்க் கல்யாணம் ஒரு தேதிக்குள் அடங்குகிறதா? முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலையில் முகூர்த்தம், மத்தியானம் சாப்பாடு முடிந்து காலி செய்வார்கள். என் கணக்குப்படி ஒரே கல்யாணம் இரண்டு தேதிப் பெட்டியில் பாதிப் பாதியாகக் கிடந்தது. அப்புறம் மாற்றினேன்: முகூர்த்த நாளுக்கு ஒரே பெட்டி, முதல் நாள் சாயங்காலமும் அதற்குள்ளேயே. யாராவது அட்வான்ஸ் கொடுத்தால்தான் அந்தப் பெட்டி உருவாகும். பெட்டி இருந்தால் நாள் போச்சு, பெட்டியே இல்லாவிட்டால் நாள் காலி. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், என் வாழ்க்கையே பின்னால் இதில்தான் வந்து மாட்டியது.

மாற்றச் சொன்னது ராஜமாணிக்கம்தான். தேதி மாறும்போது வேறு பெட்டி என்று நான் அவருக்கு விளக்கினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இன்னாமா நீ, ராத்திரி பன்னெண்டு அடிச்சா பொண்ணு மாப்ளையை வெளிய தள்ளிட்டு கதவை சாத்திக்க சொல்றியா?"

ஸ்டோர்ஸ்காரர் கேட்ட கேள்வி

மண்டபக் கணக்கில் நான் மூழ்கியிருந்தபோது சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு மிஷின் முன்னாடி உட்காந்து தனியா பேசிக்கிறா" என்று அம்மா பயந்துபோயிருந்தாள். வந்தவர் பெயர் பாஸ்கர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது, மாசி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். தைக்குள் கல்யாணம் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த லீவுக்கு வரும்போது பார்க்கலாம் என்றார் அவர் அம்மா. 'பார்க்கலாம்' என்று அந்த அம்மா சொன்ன தினுசிலேயே, பார்ப்பது என்னையா வேறு பெண்ணையா என்பது தெரிந்துவிட்டது.

கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர் என்னிடம் பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஆபீஸில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் கிடைத்தால் விடுவேனா? அடுக்களையிலிருந்து அம்மாவின் அடுக்கு டப்பாவையே எடுத்து வந்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் காட்டி, பெயர் ஒட்டுவதன் அருமை பெருமையெல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணால் எரித்தாள். அவர் மட்டும் பெரிய டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளி டப்பாவே இல்லாத இடத்துல உள் டப்பாவைக் கேட்டா உங்க மெஷின் என்ன சொல்லும்?" என்றார். இல்லைன்னு சொல்லும், வேறென்ன சொல்லும் என்றேன் அலட்சியமாக. எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"எங்க ஸ்டோர்ஸ்ல இல்லாத ரேக்கைக் கேட்டா, முதல்ல அதுக்கு ஒரு இடத்தை ஒழிச்சு வச்சுட்டு, அப்புறம்தான் பொருள் இல்லைன்னு சொல்லுவாங்க. எதுக்கும் பாத்துக்குங்க."

முரளி திருந்திய நாள்

மண்டபத்து ஆபீஸில் உட்கார்ந்து புக்கிங் போடுகிறவர் தாமோதரன். பயந்த சுபாவம், ஆனால் நாணயமான ஆள். அவருக்கு ஒரு குறை. போன் செய்கிறவர்கள் எல்லோரும், 'இந்த முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கிடைக்குமா' என்று சும்மா கேட்கத்தான் செய்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு தடவையும் புக்கிங் பக்கத்தைத் திறந்து பாதியில் மூட வேண்டியிருக்கிறது. விசாரணைக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் போட்டுக் கொடுங்கள் என்றார். நியாயம்தானே.

நான் அன்றைக்கு லீவு. எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை முரளி எழுதி, அவனே மண்டபத்துக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தான். மறுநாள் நான் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துக் காட்டினான். நம்பவே முடியவில்லை. வரிக்கு ஒரு விவரம், உள்ளே தள்ளி உள்ளே தள்ளி எழுதியிருக்கிறான், எல்லாவற்றுக்கும் பெயர். 'இந்த முகூர்த்தத்துக்குள் மாலை என்று ஒரு பெட்டி இருக்கிறதா' என்பதை இங்கிலீஷ் தெரிந்த யாரும் படிக்கிற மாதிரி எழுதியிருந்தான். கல்யாணக் களையில் இருந்த நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"பாரு, அப்படியே உன்னை மாதிரி எழுதியிருக்கேன். ஒரு நம்பர் கண்ணுல பட்டா என் பேரை மாத்திக்கிறேன்."

போனில் உண்டு, நேரில் இல்லை

எங்கள் அப்பா ரிட்டயர்ட் ஆசாமி. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினார். தையில் எங்கே போனாலும் 'ஃபுல் சார்' என்றார்கள். மாசிக்கு முன்னால் பாக்கி இருந்தது தையின் கடைசி முகூர்த்தம் ஒன்றுதான். ராஜமாணிக்கம் மண்டபத்தில் நான் சொல்லி வைக்கிறேனே என்றால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "உன் ஆபீஸ் பேரைச் சொல்லி நான் ஒரு இடத்துலயும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, யாரோ மூன்றாம் மனுஷர் மாதிரி அவரே போன் செய்து கேட்டார். "கடைசி முகூர்த்தம் காலியாதான் சார் இருக்கு, முதல் நாள் சாயங்காலமும் சேத்துதான், நேர்ல வாங்க" என்றார் தாமோதரன். வீடே துள்ளியது. அம்மா உடனே பாஸ்கர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் மஞ்சள் பையோடு போன அப்பா, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் அப்படியே நின்றார். ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் என்னப்பா என்றேன். இல்லையாம், ஃபுல்லாம். முதல் நாள் காலி, மறுநாள் காலையில் ஃபுல்லா! எந்த மகராசன் அதற்குள் வந்து எழுதிவிட்டுப் போனான்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். நடந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பாஸ்கரின் அம்மா. அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"அப்படியா, சரி, சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி தெரிஞ்சா சொல்லுங்க, இல்லன்னா கடவுள் சித்தம் வேற மாதிரி போலிருக்குன்னு நாங்க எடுத்துக்கறோம்."

மேளம் கேட்காத மண்டபம்

சாயங்காலத்துக்குள்! ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினால், அங்கே எனக்கு முன்னால் ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருக்கிறார். சந்தானம் சார் எழுந்து நிற்கிறார். முரளி மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருக்கிறான். விஷயம் இதுதான். தை பிறந்து ஊரெல்லாம் மேளச் சத்தம். இவர் மண்டபத்தில் ஒன்றிரண்டு கல்யாணம்தான், அதுவும் போன் செய்யாமல் நேராக வந்து புக் செய்தவர்கள். போன் செய்துவிட்டு வந்தவர்கள் ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. போனில் காலி என்கிறான், நேரில் போனால் ஃபுல் என்கிறான் என்று ஊர் பேசுகிறது. தாமோதரன் எதிர் மண்டபத்துக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று யாரோ பற்றவைத்தும் விட்டார்கள். தாமோதரனும் முன்னாலேயே எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லித்தான் இருக்கிறார். மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாராம் சந்தானம் சார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதேதானே! அப்படியென்றால் எந்த மகராசனும் வரவில்லை. ராஜமாணிக்கத்துக்கு நான் பதில் சொல்லுவதற்குள் அவர் வெடித்துவிட்டார்.

"ஊர்ல எல்லா மண்டபத்துலயும் பொண்ணும் மாப்ளையும் கீறாங்க, என் மண்டபத்துல மட்டும் கம்ப்யூட்டரே கல்யாணம் பண்ணிக்கினு கீது! இன்னிக்குள்ள சரி பண்ணு, இல்ல அந்த தாமோதரனையும் பொட்டியையும் ஒண்ணா வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

வெறும் அடைப்புக்குறி

முரளியை இழுத்துக்கொண்டு ஓடினேன். சந்தானம் சாரும் கூடவே வந்துவிட்டார். குரோம்பேட்டையிலிருந்து சானடோரியம் அடுத்த ஸ்டேஷன்தான், அன்றைக்கென்று மின்சார ரயில் நடுவில் சிக்னலுக்காக நின்றுவிட்டது. நான் கதவோரம் போய், திரும்பி வந்து, மறுபடி கதவோரம் போய்ப் பார்த்தேன். "நீ நடந்தா ரயில் நகராது, உக்காரு" என்றார் சார். எப்படி உட்காருவது? தாமோதரன் வேலை போகப்போகிறது, என் கல்யாணம் போகப்போகிறது, இந்த டிரைவருக்கு என்ன வந்தது?

மண்டபத்து ஆபீஸில் தாமோதரன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. புக்கிங் விவரம் மொத்தத்தையும் என் முறைப்படியே, உள்ளே தள்ளி உள்ளே தள்ளி, அச்சடிக்கச் சொன்னேன். பேப்பர் நீளமாக வந்தது. படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நிஜக் கல்யாணம் இருந்த இடங்களில் வரிகள் படி படியாக உள்ளே இறங்கியிருந்தன: மாலை, காலை, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு. மற்ற முகூர்த்தங்களுக்கு எதிரில் ஒன்றுமே இல்லை. ஒரு அடைப்புக்குறி திறந்து, உடனே மூடியிருந்தது. பெட்டி இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஆளில்லாத பெட்டியை யார் செய்து வைத்தார்கள்?

அப்போதுதான் கேசரித் தட்டும் அந்த இல்லாத ரேக்கும் ஞாபகம் வந்தன. முரளியின் பக்கம், முகூர்த்தப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்கவில்லை. நேராக உள்ளே இருக்கிற மாலைப் பெட்டியைக் கேட்டது. பெர்லுக்கு ரொம்ப உபகார சிந்தை. வெளிப்பெட்டி இல்லாவிட்டால், 'ஐயோ பாவம், உள்ளே பார்க்க ஒரு பெட்டி வேண்டுமே' என்று தானே ஒரு காலிப் பெட்டியைச் செய்து வைத்து, அதற்குள் எட்டிப் பார்த்து, 'மாலை இல்லை, நாள் காலி' என்று சொல்லிவிடும். செய்த பெட்டியை எடுத்தும் போடாது. அடுத்து என் புக்கிங் பக்கம் வந்து, 'பெட்டி இருக்கிறதே, நாள் போச்சு' என்று கதவைச் சாத்தும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! கேட்டால் போச்சு. யாரும் கேட்காத ஒரு பங்குனி முகூர்த்தத்தைப் புக்கிங் பக்கத்தில் பார்த்தேன், காலி என்றது. விசாரணைப் பக்கத்தில் ஒரு தரம் கேட்டேன். மறுபடி புக்கிங்கில் பார்த்தேன், ஃபுல் என்றது. தாமோதரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி முகூர்த்தத்தைக் காட்டி, "இதை யார் யார் கேட்டாங்க, ஞாபகம் இருக்கா?" என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"சிட்லபாக்கத்துலேருந்து ஒரே ஒரு பெரியவர்தான் மேடம் கேட்டாரு, இன்னிக்கு காலைல வந்து ஃபுல்லுன்னதும் மஞ்சப் பையோட திரும்பிப் போனாரே, அவருதான்."

பெண் வீடு: சிட்லபாக்கம்

எங்கள் அப்பா கேட்டதால்தான் எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சந்தானம் சார் அந்த நீளப் பேப்பரை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, காலி அடைப்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடம் விட்டு அடிச்சதால கண்ணுக்குத் தெரிஞ்சுது, இல்லையா?" என்றார் மெதுவாக. அப்புறம் அவர் என் பேப்பரைப் பற்றிப் பேசவே இல்லை. விசாரணைப் பக்கத்தில், முதலில் வெளிப்பெட்டி இருக்கிறதா பார், இருந்தால் மட்டும் உள்ளே போ என்று ஒரு வரி சேர்த்தேன். காலிப் பெட்டிகளைத் துடைத்தேன். தாமோதரன், திரும்பிப் போனவர்களுக்கெல்லாம் போன் போட உட்கார்ந்தார். ராஜமாணிக்கத்துக்கும் அவர்தான் சொன்னார்; போனில் எதிர்ப்பக்கம் கத்தியது அடங்கி, கடைசியில் "சரி, சாப்ட்டியா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

இதற்கு நடுவில் என் வேலை, கைப்பையில் இருந்த பணம்தான் அட்வான்ஸ். தாமோதரன் போனில் இருந்ததால் முரளியே விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தான். கடைசி முகூர்த்தம், காலி. மாலை, காலை, இரண்டும் வேண்டும். பெண் வீடு, சிட்லபாக்கம், அப்பா பெயர், என் பெயர். எல்லாம் மடமடவென்று சொன்னேன். மாப்பிள்ளை பெயர் என்று திரை கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து ஊரையே திட்டித் தீர்த்தவள் நான். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை, அதையெல்லாம் கிண்டல் செய்தவள்தான் நான். அந்த நேரத்தில் அந்த நாலெழுத்து... என்ன சொல்ல, வெளியே வரவேயில்லை. முகம் சூடாகிவிட்டது. சந்தானம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முரளி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான், அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது.

"சீக்கிரம் பேரைச் சொல்லு மைதிலி, இல்லன்னா மாப்பிள்ளைக்கு நம்பர் போட்டுடுவேன்."

எல்லாவற்றுக்கும் பெயர் வையுங்கள், வெளிப்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்பெட்டியைக் கேளுங்கள் என்று இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியாயிற்று, வீட்டில் மட்டும் இன்றைக்கு வரை 'என்னங்க'தான்.